வீட்டின் மேல் கடன் வாங்கி அவாண்டியைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மிச்சிகன் மாநிலத்தில் ட்ராய் அருகே குடும்பத்தோடு இருக்கிறேன், வயது 46. இரண்டு வருடங்களுக்கு முன்பு 22,000 டாலர் கொடுத்து 1963 ஸ்டூடிபேக்கர் அவாண்டி கார் ஒன்றை வாங்கினேன். டர்க்காய்ஸ் நிறம், சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள ஆர்2 மாடல். ஓடுகிறது, ஆனால் இடது பக்கக் கதவு சரியாக மூடுவதில்லை, பெயிண்ட்டும் வெடித்திருக்கிறது. ஒரு கடையில் பழைய நிலைக்கே கொண்டுவர 46,000 டாலர் கேட்கிறார்கள்: அடிப்பகுதித் துரு வேலை 9,000, பிரேக்கும் பெட்ரோல் லைனும் 4,000, இன்ஜினும் சூப்பர்சார்ஜரும் 12,000, பெயிண்ட் 14,000, உள் அலங்காரம் 7,000. இன்னொரு கடைக்காரர் செவர்லே எல்எஸ் இன்ஜின், புது கியர்பாக்ஸ், 18 அங்குல வீல், மேட் கிரே பெயிண்ட் எல்லாம் சேர்த்து 52,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். நன்றாகச் செய்யப்பட்ட ஆர்2 கார்கள் 35,000 முதல் 40,000 வரை விற்பதைப் பார்த்திருக்கிறேன். ஹீலாக் (வீட்டை ஈடாக வைத்து வாங்கும் கடன்) 8 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்தும் எடுக்கலாம். காருக்கென்று 8,000 சேர்த்திருக்கிறேன், மாதம் 1,400 மிச்சமாகிறது. மகள் பத்தாம் வகுப்பு. மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. எதைச் செய்தால் பிற்காலத்துக்கு நல்ல முதலீடாக இருக்கும்?

பதில்: முதலில் ஹீலாக் விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். 46,000 டாலரை 8 சதவீதத்தில் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 558 டாலர் போகும். வட்டி மட்டுமே ஏறக்குறைய 21,000. வாங்கிய விலை, ரிப்பேர், வட்டி மூன்றையும் கூட்டினால் 89,000 டாலர். நீங்களே சொன்ன உச்ச விலை 40,000. ஹீலாக் பணத்தை வீட்டை வாங்கவோ கட்டவோ மேம்படுத்தவோ செலவிட்டால்தான் அந்த வட்டிக்கு வரிக்கழிவு கேட்க முடியும், காருக்குச் செலவிட்டால் கிடையாது. பெரும்பாலான ஹீலாக் கடன்களில் வட்டி விகிதம் மாறக்கூடியது என்பதையும் மறக்காதீர்கள். இந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது சரி.

401கே-யும் அப்படித்தான். உங்களுக்கு உரிமையான தொகையில் பாதி அல்லது 50,000 டாலர், இதில் எது குறைவோ அதுவரை கடன் எடுக்கலாம், பொதுவாக ஐந்து வருடத்தில் திருப்ப வேண்டும். நடுவில் வேலை போனால், அந்த வருட வரிக்கணக்குத் தாக்கலுக்கான கெடுவுக்குள் மீதியைக் கட்ட வேண்டியிருக்கும். தவறினால் அது வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும், 59½ வயதுக்குக் கீழ் என்பதால் 10 சதவீத அபராதமும் சேரும். மகள் கல்லூரியில் நுழையப்போகும் நேரத்தில் அந்த ஆபத்து எதற்கு?

இனி, இது முதலீடா என்ற கேள்வி. 1963, 1964 இரண்டு மாடல் வருடங்களிலும் சேர்த்து ஸ்டூடிபேக்கர் செய்த அவாண்டிகள் 4,643 மட்டுமே. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலை மூடியதோடு ஸ்டூடிபேக்கர் கையில் அதன் கதை முடிந்தது. அபூர்வமான கார்தான், சந்தேகமே இல்லை. ரேமண்ட் லோவியின் குழு வரைந்த அந்த முகப்பை இன்று பார்த்தாலும் புதிதாகத்தான் தெரிகிறது. ஆனால் அபூர்வம் என்பது வேறு, விலை என்பது வேறு. அதே 1963-இல் செவர்லே, பின் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த கார்வெட் கூப் கார்களை 10,594 செய்தது. அவாண்டியைவிட இரண்டு மடங்குக்கு மேல். இருந்தும் அந்தக் கார்வெட்டின் விலை உங்கள் காருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எத்தனை கார் மிச்சம் இருக்கிறது என்பதைவிட, எத்தனை பேர் அதற்காக ஏங்கி வளர்ந்தார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஸ்டூடிபேக்கர் மூடிப்போன கம்பெனி. அதை நேசிப்பவர்கள் ஆழமாக நேசிக்கிறார்கள், ஆனால் கூட்டம் சிறியது. அதனால் இந்தக் காருக்குப் போடும் பணத்தை ஓய்வுக்காலக் கணக்கில் சேர்க்காதீர்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் செலவைப் போல, மகிழ்ச்சிக்கான செலவு என்றே எழுதுங்கள். அப்படி எழுதினால் எவ்வளவு தாங்கும் என்பதும் தானாகத் தெரியும்.

சரி, தாங்கக்கூடிய வழி எது? 46,000 டாலர் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். கதவு மூடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் இந்தக் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்த வரி. அவாண்டியின் பாடி ஃபைபர்கிளாஸ், துருப்பிடிக்காது. ஆனால் அதன் அடியில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரும்புப் பெட்டிகள் ஓடுகின்றன. அவாண்டிக்காரர்கள் அதை ‘ஹாக் ட்ரஃப்’ என்பார்கள். பாடிக்கு விறைப்பு தருவது அதுதான். மிச்சிகன் சாலைகளில் குளிர்காலத்தில் கொட்டும் உப்பு அதற்குள் போய்த் தங்கி உள்ளிருந்தே தின்றுவிடும். அது தளர்ந்தால் பாடி தொய்ந்து, கதவு இடைவெளி மாறும், ஃபைபரில் விரிசல் விழும், மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். கீல் தேய்ந்தாலும் கதவு தொங்கும் என்பதால், காரை லிஃப்டில் ஏற்றி அந்தப் பெட்டிகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லி, புகைப்படம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே பளபளவென்று தெரியும் வேலையைத்தான் எல்லாரும் முதலில் செய்ய ஆசைப்படுவார்கள். இந்தக் காரில் அந்த வரிசை பணத்தைக் கரைத்துவிடும்.

ஆகவே முதல் கட்டம் அடிப்பகுதியும் பிரேக்கும்: 13,000. முன் சக்கரங்களில் காலிப்பர் டிஸ்க் பிரேக்கோடு வந்த முதல் அமெரிக்கத் தயாரிப்புக் கார்களில் அவாண்டியும் ஒன்று. ஆனால் பிரேக் திரவத்தைச் சக்கரங்களுக்கு அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுவதற்கு நான் முழு ஆதரவு. கையில் 8,000 இருக்கிறது. மிச்சமாகும் 1,400-இல் பாதியை, அதாவது 700-ஐ, காருக்கு ஒதுக்கினால் மீதி 5,000 ஏழு எட்டு மாதத்தில் வந்துவிடும். மற்ற பாதி மகளின் கல்லூரிப் படிப்புக்கான 529 சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். இந்தப் பிரிவினையை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அவர் ஒப்புக்கொள்ளும் எண் 500 என்றால் 500 தான். இன்ஜின் வேலை அதற்கு அடுத்து. பெயிண்ட்டும் சீட்டும் மகள் கல்லூரியில் கால் வைத்த பிறகு.

எல்எஸ் இன்ஜின் யோசனையைப் பற்றி நான் உறுதியாகவே சொல்கிறேன்: இந்தக் காரில் செய்யாதீர்கள். உங்கள் காரின் மதிப்பில் பெரும்பங்கு அது ஆர்2 என்பதில்தான் இருக்கிறது. பாக்ஸ்டன் சூப்பர்சார்ஜரும் அதற்கே உரிய 289 கன அங்குல வி8 இன்ஜினும் போய்விட்டால், மிஞ்சுவது ஒரு அழகான கூடு. இன்ஜின் எண் ‘ஆர்எஸ்’ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு சவுத் பெண்டில் உள்ள ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகத்துக்கு எழுதி, உங்கள் காரின் தயாரிப்பு ஆணையின் நகலைக் கட்டணம் செலுத்தி வாங்குங்கள். ஆலையிலிருந்து வெளிவந்தபோது என்ன நிறம், என்ன இன்ஜின் என்று அதில் இருக்கும். விற்கும் நாளில் அந்தத் தாள் பேசும்.

செவர்லே இன்ஜின் உள்ள அவாண்டிதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஸ்டூடிபேக்கர் கைவிட்ட பிறகு நேதன் ஆல்ட்மன், லியோ நியூமன் என்ற இரண்டு டீலர்கள் உரிமையை வாங்கி, 1965 முதல் செவர்லே இன்ஜினோடு அவாண்டி II என்று அதே சவுத் பெண்டில் தயாரித்தார்கள். அதில் ஒன்றைப் பிடித்து எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், யாருக்கும் வருத்தம் இருக்காது. உங்கள் காரில் மாற்றம் செய்ய ஆசை வந்தால், திரும்பக் கழற்றக்கூடியதாக மட்டும் செய்யுங்கள்: எலக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியல் டயர், மூன்று முனை சீட் பெல்ட். கழற்றிய ஒரிஜினல் பார்ட்ஸ் ஒன்றையும் தூக்கிப் போடாமல் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

வரி: சொந்த உபயோகக் காரை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. லாபம் வந்தால் வரி உண்டு, சேகரிப்புப் பொருள் என்று கணக்கிட்டால் நீண்டகால லாபத்துக்கே அதிகபட்சம் 28 சதவீதம் வரை போகலாம். மதிப்பைக் கூட்டும் வேலைகளின் ரசீதுகள் அந்த லாபத்தைக் குறைக்க உதவும், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்ஷூரன்ஸில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசியா, அதாவது காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிய பாலிசியா, என்று இன்றே பாருங்கள். சாதாரண பாலிசியில் விபத்தானால் தேய்மானம் கழித்த அன்றைய மதிப்புதான் வரும், அதற்காக வாதாட வேண்டியிருக்கும். மிச்சிகனின் வரலாற்று வாகனத் தகடு மலிவு, ஆனால் கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை, பழைய கார்களின் பெரிய ஊர்வலமான வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் அந்த மாதத்தில்தான் வருகிறது.

கடைக்குக் காரை விடும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கட்டம் கட்டமாகத்தான் பணம் தருவேன் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள், முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் வேறு கடை பாருங்கள். கார் அவர்கள் இடத்தில் நிற்கும்போது தீ விபத்தோ திருட்டோ நடந்தால் யாருடைய பாலிசி பணம் தரும் என்பதற்கும் சாவியைக் கொடுக்கும் முன்பே பதில் வாங்கிவிடுங்கள்.