குரல் பதிவுக்கு எந்த பிராசசர்?

கேள்வி: ஒரே அறையில் கணினியும் மைக்கும் வைத்து ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். பழைய கணினி திணறுகிறது. ரைசன் 7 7700 வாங்கலாமா, 7700எக்ஸ் வாங்கலாமா? வேகமானதை வாங்கி, சத்தத்துக்குத் தண்ணீர் கூலர் போட்டுக்கொள் என்கிறார் நண்பர்.

பதில்: 7700 வாங்குங்கள். இரண்டிலும் 8 கோர் (கணக்கிடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). உச்ச வேகம் 7700இல் 5.3 கிகாஹெர்ட்ஸ், 7700எக்ஸில் 5.4. வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. விவரப் பட்டியலில் 65 வாட், 105 வாட் என்று இருக்கும். அதை உச்சவரம்பு என்று எண்ண வேண்டாம். முழு வேலை கொடுத்தால் 7700 சுமார் 88 வாட் வரை இழுக்கும், 7700எக்ஸ் சுமார் 142 வாட் வரை. கூடுதலாக வரும் அந்த 54 வாட் முழுவதும் சூடாகத்தான் மாறும். அதை வெளியே தள்ள விசிறி வேகமாகச் சுற்றியாக வேண்டும்.

இவ்வளவு சிறிய வேகத்துக்கு ஏன் இவ்வளவு சூடு? கடிகார வேகத்தை அதன் எல்லைக்குப் பக்கத்தில் ஏற்றும்போது வோல்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடுகிறது: வோல்டேஜ் 10 சதவீதம் கூடினாலே செலவு 21 சதவீதம் ஏறிவிடும், வேகத்தின் பங்கு தனி. வேகத்தை மட்டும் ஏற்றும் வழி இப்படிச் சூட்டில் முட்டிய காலத்தில்தான், இன்டெல் 2004இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 பிராசசர் திட்டத்தைக் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ, குறைந்த கிகாஹெர்ட்ஸிலேயே பழையதை முந்தியது. அதனால் தலைமுறை மாறும்போது கிகாஹெர்ட்ஸை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

உங்கள் வேலைக்கு வருவோம். நானும் பல வருடங்கள் மைக் முன்னால் உட்கார்ந்தவன். குரல் பதிவாகும்போது பிராசசருக்கு வேலை மிகக் குறைவு. இரைச்சல் நீக்குவது, கோப்பை ஏற்றுமதி செய்வது போன்றவைதான் எல்லா கோர்களையும் எழுப்பும். அந்த நேரத்தில் மைக் அணைந்திருக்கும், விசிறி எவ்வளவு கத்தினாலும் கவலை இல்லை.

என்னை வாட்டியது வேறொன்று. ஏதாவது ஒரு மென்பொருள் பின்னணியில் விழித்துக்கொள்ளும், சூடு ஒரு நொடி எகிறும், விசிறி 'உர்ர்' என்று ஏறி இறங்கும். ஒரே சீரான மெல்லிய ஓசையை இரைச்சல் நீக்கி அழகாக எடுத்துவிடும். சுருதி மாறிக்கொண்டே இருக்கும் ஓசையை எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து நசுங்கும். ஒரு முழு அத்தியாயத்தை இதற்காகவே மறுபடி படித்தேன். அன்றுதான் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) விசிறி அமைப்பைத் திறந்து பார்த்தேன். சுமார் 65 டிகிரி வரை ஒரே குறைந்த வேகம், அதற்குமேல் போனால் சில நொடி தாமதித்து ஏறட்டும் என்று வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது. நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்.

கூலர் விஷயத்தில் பெரிய விசிறியைப் பாருங்கள். 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தள்ளும். ஒரு விசிறியின் வேகத்தை இரட்டித்தால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடும். 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். கேபினெட்டின் முன்பக்கம் வலையாக இருக்கட்டும். சத்தத்தை அடக்க நான் ஒருமுறை காற்று வழியில் பஞ்சை அடைத்தேன், உள்ளே சூடு ஏறி விசிறி இன்னும் வேகமாக ஓடியது.

தண்ணீர் கூலர் உங்களுக்குத் தேவையில்லை. அதிலும் ரேடியேட்டருக்கு விசிறி உண்டு, கூடவே பம்பின் ரீங்காரம் வேறு. 88 வாட்டுக்கு நல்ல காற்றுக் கூலரே தாராளம்.

ஒருவேளை 7700எக்ஸை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். பயாஸில் எக்கோ மோட் என்று மின்செலவைக் குறைக்கும் அமைப்பு இருக்கும், அதில் 65 வாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஏறக்குறைய 7700 போலவே நடந்துகொள்ளும். தினமும் மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவராக இருந்தால் அந்தச் சில சதவீத வேகம் உதவலாம், உங்களுக்கு அது எங்கேயும் பயன்படாது.

அப்புறம், மைக் இருக்கும் மேசையில் கணினியை வைக்காதீர்கள், அதிர்வு மேசை வழியாக ஏறும். உங்களுடையது கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவும் எடுப்பது) என்றால் அதன் முதுகு கணினியைப் பார்க்கட்டும். எல்லாம் பொருத்தியதும் பேசாமல் 1 நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். விசிறி ஏறி இறங்குவது அதில் கேட்டால், வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்த 65 டிகிரி அமைப்பை மறுபடி சரிபாருங்கள்.