கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் தொடக்கநிலை நான்கு மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு ஆளுக்கொரு செயலாய்வு (தன் வகுப்பிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து எழுதும் ஆய்வு) செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வதுதான் என் கவலை. பயிற்சித்தாள்களைத் திருத்தவே நேரமில்லை, ஆய்வுக்கு எங்கே போவேன்?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தக் கவலையே உங்கள் ஆய்வு. வேறு தலைப்பு தேட வேண்டாம்.

நான் கற்பித்த காலத்தில் எனக்கும் இதே கவலைதான். ஒருநாள் பாடத்தின்போது என் குரலைப் பத்து நிமிடம் போனில் பதிவு செய்து, எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது கேட்டேன். “பாட்டி ஏன் கோபமா இருக்காங்க?” என்று கேட்கிறேன். அடுத்த மூச்சிலேயே, “பேரன் சாப்பிடலை, அதனாலதானே?” என்கிறேன். “ஆமா டீச்சர்.” பதினொரு கேள்விகளில் ஒன்பது இப்படித்தான். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்றல்லவா அதுவரை நினைத்திருந்தேன்! அன்று இரவு தூக்கமே வரவில்லை.

1970களில் அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் கண்டதும் இதுதான். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். மூன்று வினாடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன. வீட்டில் ஆங்கிலமே பேசும் நம் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லையும் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு மூன்று வினாடிகூடப் போதாது என்பது என் அனுபவம்.

பள்ளியில் கேட்டுக்கொண்டு முதலில் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். அப்புறம் இரண்டு வாரம், ஒவ்வொரு கேள்விக்கும் பின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்து, அவர்கள் சொன்னதை அப்படியே குறித்துவையுங்கள். “பாட்டி கோபம்” என்று நின்ற பிள்ளை, “பாட்டி கோபமா இருக்காங்க, ஏன்னா...” என்று தொடங்கினால் அதுதான் உங்கள் தரவு. பேச்சுத்தமிழாக இருந்தால் இருக்கட்டும், நடுவில் திருத்தாதீர்கள்.

முடிந்தால் சக ஆசிரியர் ஒருவரை ஒரு பாடத்துக்கு வந்து உட்காரச் சொல்லுங்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் பாட ஆய்வில் (ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் கவனித்துப் பின் கலந்து பேசும் முறை) செய்வதுபோல், அவர் உங்களைப் பார்க்க வேண்டாம், அந்த மூவரையே பார்க்கட்டும். பலிக்காததையும் அறிக்கையில் எழுதுங்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு அதுதான் உதவும்.

அந்த மூவரில் ஒருவர், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையாக இருக்கட்டும்.