ஜன்னலுக்கு உள்ளே இன்னொரு கண்ணாடி: எப்படித் திறப்பது, ஏன் நடுவில் ஆவி படிகிறது?

மும்பை மாட்டுங்காவில் வாடகைக்கு எடுத்த வீட்டில், பழைய மர ஜன்னலுக்கும் கிரில்லுக்கும் உள்புறமாகத் தனிச் சட்டத்தில் நகரும் கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாகவும், அது பாதியிலேயே சிக்கிக்கொள்வதாகவும், மழைக்காலத்தில் நடுவே ஆவி படிவதால் கழற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே பகுதியில், மத்திய ரயில் பாதையை ஒட்டிய வீட்டில், இத்தகைய ஜன்னலோடு பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து கழற்றாதீர்கள், ரயில் சத்தத்தைக் குறைப்பது அதுதான்.

பாதியில் சிக்குவதற்குப் பெரும்பாலும் சட்டத்தின் கீழ்ப்பள்ளத்தில் சேரும் தூசிதான் காரணம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுத்தம் செய்தாலே கண்ணாடிப் பலகை நகரும். முழுவதும் வெளியே எடுக்க வேண்டுமானால், மேல்பள்ளம் கீழ்ப்பள்ளத்தைவிட ஆழமாக இருப்பதைக் கவனியுங்கள். பலகையை நேராக மேலே தூக்கினால் அடிப்பகுதி விடுபடும், பிறகு அடியை உங்கள் பக்கம் இழுத்து இறக்கலாம். ஆறு மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ இருக்கும் என்பதால், இதை ஒருபோதும் தனியாகச் செய்யாதீர்கள்.

ரயில் சத்தத்தைக் குறைப்பதில் கண்ணாடிக்கு இணையான பங்கு இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் உண்டு. வெப்பத்தைத் தடுக்க 12 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஆனால் ரயிலின் கனத்த ஓசையைத் தணிக்க 100 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு தடிமனில் இருந்தால், ஒன்று எளிதில் கடத்தும் ஓசையை மற்றது தடுக்கும். இவ்வளவும் சரியாக இருந்தும், எங்கள் வீட்டில் முதல் ஆண்டு சத்தம் குறையவே இல்லை. ஒருநாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, எரியும் ஊதுபத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். நேராக எழுந்துகொண்டிருந்த புகை கீழ்மூலையில் சட்டென்று சாய்ந்தது. அங்கே காற்றும் சத்தமும் நுழையும்படி ஓர் அங்குல நீளத்துக்கு ரப்பர் பட்டை விட்டுப்போயிருந்தது. அங்கே பட்டையை ஒட்டிய அன்று இரவுதான் நாங்கள் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினோம்.

ஆவி விஷயத்தில், குளிர்நாடுகளுக்கென எழுதப்பட்ட அறிவுரையை இங்கே அப்படியே பின்பற்றுவது தவறு. அங்கே அறையின் ஈரக்காற்று இடைவெளிக்குள் கசிந்து வெளிக்கண்ணாடியில் படிகிறது; அதனால் உள்கண்ணாடியை இறுக்கமாக அடைத்து, வெளி ஜன்னலில் சிறிது காற்றோட்டம் விடச் சொல்வார்கள். தில்லியின் குளிர்காலத்துக்கும் அது பொருந்தும். மும்பையின் மழைக்காலத்திலோ ஈரம் வெளியிலிருந்து வருகிறது. ஏசி ஓடும் அறையின் உள்கண்ணாடி குளிர்ந்திருக்க, பழைய மரச் சட்டத்தின் வழியாக நுழையும் ஈரக்காற்று அதன் வெளிப்பக்கத்தில் நீராகப் படிகிறது. விரலால் அறைப்பக்கம் தேய்த்தும் ஆவி அழியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதைத்தான் காட்டுகிறது. ஆகவே நீங்கள் அடைக்க வேண்டியது வெளி மர ஜன்னலின் இடுக்குகளை. மழை விட்ட ஒரு பகலில் ஏசியை நிறுத்தி, இரண்டையும் திறந்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துக் காயவிட்டு, அதன் பிறகு வெளிச் சட்டத்துக்குப் புதிய ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

கிரில்லில் அவசர வழிக்கான கதவு இருந்தால், அதன் சாவியை உள்கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள்.