விரும்பிய மாணவர்கள் கைநழுவிப் போனால், ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணி எப்படித் தாக்குப்பிடிக்கும்?

இந்தக் கேள்விக்கு, பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் விடாமல் பார்த்துவரும் அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழக அணியை வைத்தே பதில் சொல்ல விரும்புகிறேன். 2009இல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்த டோனி பென்னட், மறு ஆண்டு ஆறு புதுமுக மாணவர்களைச் சேர்த்தார். இரண்டாவது சீசன் முடிவதற்குள் அவர்களில் நால்வர் வேறு கல்லூரிகளுக்கு மாறிவிட்டனர். ஓர் அணிக்கு 13 உதவித்தொகை இடங்களே இருந்த காலத்தில், நால்வரை இழப்பது முதுகெலும்பை முறிக்கும் அடி.

எஞ்சியவர்கள் ஜோ ஹாரிஸும் அகில் மிட்செலும். வாஷிங்டன் மாநிலத்தின் ஷெலான் என்ற சிற்றூரில் தம் தந்தையின் பயிற்சியிலேயே ஆடி வளர்ந்த ஹாரிஸ், பென்னட்டை நம்பி நாட்டின் மறுகோடிக்கு வந்தவர். இவ்விருவரும் இறுதியாண்டில் இருந்த 2014இல், வெர்ஜீனியா அணி, டியூக் பல்கலைக்கழக அணியை 72-63 என வென்று, தான் அங்கம் வகிக்கும் ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) கூட்டமைப்பின் தொடர்க் கோப்பையைக் கைப்பற்றியது. 1976க்குப் பிறகு அதுவே முதல் முறை. தொடரின் சிறந்த வீரர் விருதும் ஹாரிஸுக்கே கிடைத்தது.

போனவர்களை நினைத்து மருகாமல், இருப்பவர்களைக் கொண்டே வெல்லக்கூடிய ஆட்டமுறையைப் பென்னட் கையில் வைத்திருந்தார் என்பதே இதற்கு முதற்காரணம் என்பேன். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்க, மற்ற நால்வரும் கூடையிலிருந்து ஏறத்தாழ 16 அடிக்குள் நெருங்கி நின்று உட்புகும் வழியை அடைக்கும் ‘பேக் லைன்’ தடுப்பு, அவருடைய தந்தை டிக் பென்னட் வகுத்தது. அதோடு, தாக்கும்போது அவசரப்படாமல் நேரமெடுத்து ஆடினால் இரு அணிகளுக்கும் கிடைக்கும் வாய்ப்புகள் குறையும். எதிரணியில் திறமைசாலிகள் அதிகம் இருந்தாலும், அந்த வேறுபாடு புள்ளிக்கணக்கில் பெரிதாகத் தெரியாது.

அடுத்தது காத்திருத்தல். வெர்ஜீனியா வீரர் டிஆண்ட்ரே ஹண்டர் தம் முதல் சீசனை (2016-17) ஆட்டமே ஆடாமல், பயிற்சியில் மட்டும் கழித்தார். 2019 தேசிய இறுதிப் போட்டியில், முழுநேரம் முடிய 12 விநாடிகளே இருந்தபோது, மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிந்து 68-68 எனச் சமன் செய்தவர் அவர்தான். கூடுதல் நேரத்தில் எதிரணியான டெக்சாஸ் டெக் 77-85 எனத் தோற்றது. அந்த எறிதலை இன்றும் கண் கலங்காமல் என்னால் பார்க்க முடிவதில்லை.

ஆனால் இந்த வழியை இன்று அப்படியே பின்பற்றுவது கடினம். 2021 முதல், மாணவர்கள் முன்புபோல் ஓராண்டு ஆடாமல் வெளியே அமராமலே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம்; அதே ஆண்டு ஜூலை முதல் தம் பெயரையும் புகழையும் வைத்துப் பணமும் ஈட்டலாம். மாணவர்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது கிடைத்தது என்றே நான் கருதுகிறேன். அதே வேளையில், ஆடாமல் காத்திருக்கும் 18 வயது இளைஞரைத் தக்கவைப்பது அரிதாகிவிட்டது. இன்றைய சூழலில் அணியை நடத்தத் தாம் பொருத்தமானவர் அல்லர் என்று கூறி, பென்னட்டே 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது விலகினார். ஆகவே இப்போது ஒரு பயிற்சியாளர், புதியவர்களைத் தேடி அலையும் அதே உழைப்பை, சீசன் முடியும் ஒவ்வொரு வசந்தகாலத்திலும் தம் அணியில் ஏற்கெனவே இருப்பவர்களிடமும் செலுத்த வேண்டியிருக்கிறது.