சின்சேயிடம் கேளுங்கள்: தமிழ்ப் பையனிடம் யார் கை நீட்டுவார்?

கேள்வி: என் மகன் சீனப் பள்ளியில் படித்தவன். எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு, சீன மருத்துவமும் அக்குபங்சரும்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். “தமிழ்ப் பையனிடம் எந்தச் சீனர் வந்து ஊசி போட்டுக்கொள்வார்?” என்கிறார் என் அண்ணன். என்ன செய்யட்டும்? – ஒரு தாய், கிள்ளான்.

பதில்: இதையேதான் என் சித்தப்பாவும் அன்று கேட்டார். ஈப்போவில் என் கிளினிக்குக்கு முதல் தடவை வரும் சீனப் பாட்டிகள் இன்றும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், சின்சே (சீன வைத்தியர்) எங்கே என்று. “உட்காருங்க போபோ (பாட்டி), ராத்திரி தூக்கம் வருதா, கால் சில்லென்று இருக்கா?” என்று கண்டனீஸில் ஆரம்பித்தால் போதும், கை தானாக நாடித் தலையணைக்கு வந்துவிடும். அடுத்த மாதம் பேத்தியையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். அதனால் உங்கள் அண்ணனின் கவலையைத் தள்ளி வையுங்கள். சீனப் பள்ளியில் படித்ததால் மாண்டரின் கையில் இருக்கிறது. பேசப் பேச கண்டனீஸும் வந்துவிடும்.

எங்கே படிப்பது? புக்கிட் ஜாலிலில் உள்ள ஐஎம்யு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் நான்கு வருடப் படிப்பு உண்டு. சுங்கை லோங்கில் உள்ள யுடார் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம். சீனாவிலும் ஐந்து வருடம்தான். 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு என்று நான்கு ஊர்களில் அரசு தொடங்கிய கல்லூரிகள் இன்று பெரிய பல்கலைக்கழகங்கள். கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில் பயிற்சி. நான் குவாங்சோவில் படித்தேன். ஒன்றை மட்டும் இப்போதே பையனிடம் சொல்லிவிடுங்கள்: உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் அங்கேயும் உண்டு. உயிரியலிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பக்கம் வருகிறான் என்றால் ஏமாந்து போவான்.

பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று மரபு மற்றும் துணை மருத்துவ மன்றத்தில் விசாரித்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் 775-ஆவது சட்டப்படி அந்த மன்றத்தில் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. ஏஜெண்ட் வாய் வார்த்தையை நம்பாதீர்கள்.

கேள்வி: நான் முதலாம் ஆண்டு மாணவி. ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முந்தைய ‘ஷாங்ஹான் லுன்’ என்ற குளிர் நோய் மருத்துவ நூலை மனப்பாடம் செய்யச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். மருந்துப் பெயர்களைக் கைப்பேசியில் தேடினால் வராதா? – தைப்பிங் வாசகி.

பதில்: வரும் தங்கச்சி, பெயர்கள் வரும். அதன் முதல் மருந்தான ‘குய்ஜி தாங்’கையே எடுத்துக்கொள். இலவங்கக் குச்சி, வெண் பியோனி வேர், இஞ்சி மூன்றும் மூன்று மூன்று லியாங் (பழைய சீன எடை அளவு). வறுத்த அதிமதுரம் இரண்டு லியாங், சிவப்புப் பேரீச்சை எனப்படும் சீன இலந்தை பன்னிரண்டு. குளிர் காற்று பட்டு, காய்ச்சலோடு வியர்வையும் கசியும் ஆளுக்கு உரியது. சரி, இதே ஐந்து சரக்கில் பியோனியை மட்டும் ஆறு லியாங் ஆக்கிப் பார். அது வயிற்று வலிக்கான மருந்து. பியோனியை மூன்றிலேயே வைத்துக்கொண்டு இலவங்கக் குச்சியை ஐந்தாக்கினால், அடிவயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏதோ பாய்ந்து ஏறுகிறது என்று சொல்பவருக்கு. நோயாளி எதிரே உட்கார்ந்து பேசும்போது இந்த மூன்றும் மனதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். தேடிப் பார்ப்பதற்கு, எதைத் தேடுவது என்று முதலில் தெரிய வேண்டுமே!

குய்ஜி தாங் பற்றிய பத்தியில் எனக்குப் பிடித்தது மருந்துக்குப் பிறகு வருவதுதான். குடித்த சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடிக்க வேண்டும், போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். உடம்பு முழுக்க லேசாக ஈரம் படிந்தால் போதும், தண்ணீராய் ஓடக் கூடாது. ஒரு வேளையிலேயே குணமானால் மிச்ச மருந்தைக் குடிக்காதே என்றும் எழுதியிருக்கிறார் நூலாசிரியர் ஜாங் ஜோங்ஜிங். மருந்துக்கடைக்காரர்கள் இந்த வரியை மட்டும் படிப்பதில்லை போலிருக்கிறது. இருநூறு பேருக்கு மேல் இருந்த தன் குலத்தில் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போனதாக முன்னுரையில் சொல்கிறார். பெரும்பாலோர் இந்தக் குளிர் நோயில்தான். அந்த முன்னுரையை முதலில் படி, மனப்பாடம் இவ்வளவு கசக்காது.

கேள்வி: எங்கள் ஊர் ஹோட்டலில் சனி, ஞாயிறு இரண்டு நாள் அக்குபங்சர் வகுப்பு. சான்றிதழும் தருகிறார்கள். முடித்துவிட்டு அக்கம்பக்கத்தாருக்கு வீட்டிலேயே ஊசி போடலாமா? – சுங்கை சிப்புட் வாசகர்.

பதில்: கூடாது ஐயா. பதினான்கு நாடிப் பாதைகளில் 361 புள்ளிகள். ஒவ்வொன்றையும் உடம்பிலுள்ள அடையாளங்களையோ அந்தந்த நோயாளியின் கட்டைவிரல் அகலம் போன்ற அளவுகளையோ வைத்துப் பிடிக்க வேண்டும். தோள் வலி என்றதும் எல்லோரும் ஆசையாய்க் குத்தும் ‘ஜியான்ஜிங்’ புள்ளிக்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழும். குத்தும்போது ஒன்றும் தெரியாமல், வீட்டுக்குப் போன பிறகு மூச்சுத் திணறுகிறவர்களும் உண்டு. பதிவில்லாமல் செய்வது சட்டப்படி குற்றம் என்பது வேறு. வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.