மீட்டிங்கில் குரல் சரியில்லையா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: நல்ல விலை கொடுத்து நாய்ஸ் கேன்சலிங் ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினேன். பாட்டு கேட்டால் அருமையாக இருக்கிறது. மீட்டிங்கில் சேர்ந்தவுடன் எனக்கும் சத்தம் மட்டமாகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் இருப்பவர்களோ, "கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது, ஃபேன் சத்தம் வேறு" என்கிறார்கள். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் விலை கூடியதாக வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். அதை வாங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஹெட்போனில் பழுது எதுவும் இல்லை.

ப்ளூடூத்தில் பாட்டு கேட்க ஒரு முறை, பேச வேறொரு முறை. பாட்டு ஒரு திசையில் மட்டும் வருவதால் ஸ்டீரியோவில் நல்ல தரத்தில் வருகிறது. மீட்டிங் ஆப் ஹெட்போனின் மைக்கைத் திறந்த அந்த நொடியே அது போன் பேசும் முறைக்கு மாறிவிடும். அங்கே குரலைப் பெரும்பாலும் வினாடிக்கு 8,000 அல்லது 16,000 தடவைதான் அளந்து அனுப்புகிறது. சிடி தரத்துப் பாட்டுக்கு இது 44,100. அளக்கும் தடவைகள் குறையும்போது உச்ச ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். 'ஸ', 'ஷ' எல்லாம் மழுங்கி, குரல் மூடி போட்டது போல ஆவது இதனால்தான். எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறையில் இதற்குத் தீர்வு இருக்கிறது. ஆனால் அது ஹெட்போன், கணினி இரண்டிலும் இருந்தாக வேண்டும்.

இப்போதைக்குச் செலவில்லாத வழி ஒன்று. ஆப்பின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஜூம், டீம்ஸ், மீட் மூன்றிலுமே இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். மாற்றியதுமே உங்கள் காதில் வித்தியாசம் தெரியும்.

நாய்ஸ் கேன்சலிங் என்ற பெயரும் பலரை ஏமாற்றிவிடுகிறது. அது உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. உங்கள் அறையின் ஃபேன் சத்தம் மற்றவர்களுக்குப் போகாமல் தடுப்பது மைக் பக்கத்து வேலை; அது வேறு வசதி. பெட்டியில் மைக்குக்கென்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மீட்டிங்குக்காகவே வாங்குவதென்றால், வாயோரம் மைக் நீட்டிக்கொண்டிருக்கும் யுஎஸ்பி வயர் ஹெட்செட்டைத்தான் நான் சொல்வேன். பார்க்க அழகாக இருக்காதுதான். ஆனால் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். பக்கத்தில் இருக்கும் சாதாரண மைக், தள்ளி இருக்கும் உயர்ந்த மைக்கை ஜெயிப்பது இப்படித்தான்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் நீங்கள் பேசுவதைப் பதிவு செய்து கேளுங்கள். பாட்டு போட்டுப் பார்த்துவிட்டு திருப்தியாகிவிட வேண்டாம்.

கேள்வி: நான் பேசுவது ஒரு நொடி கழித்து எனக்கே திரும்பக் கேட்கிறது. என் மைக் போய்விட்டதா?

பதில்: உங்கள் மைக் நன்றாக இருக்கிறது. வேறொருவரின் ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அவருடைய மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. எதிரொலி கேட்பவரிடம் கோளாறு இருப்பது அபூர்வம். ஒவ்வொருவராக மியூட் செய்யச் சொல்லுங்கள். யார் மியூட் செய்ததும் நிற்கிறதோ அவர் ஹெட்போன் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஊளையிடுவது போன்ற சத்தம் என்றால் விஷயம் வேறு. ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே மீட்டிங்கில் இருக்கும். ஒன்றில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: போனில் நன்றாக வேலை செய்யும் வயர் ஹெட்செட்டை மேசைக் கணினியில் செருகினால் கேட்க மட்டும்தான் முடிகிறது. மைக் எடுக்கவே இல்லை.

பதில்: அந்த 3.5 மி.மீ. பின்னைக் கண்ணருகே வைத்து வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அதில் நான்கு பகுதிகள்: இடது, வலது, எர்த், மைக். மேசைக் கணினியில் பல சமயம் பச்சைத் துளை கேட்பதற்கு, இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு என்று பிரிந்திருக்கும். உங்களுக்குத் தேவை ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஸ்ப்ளிட்டர். இரண்டு ஹெட்போன்களை மாட்டுவதற்கான ஸ்ப்ளிட்டரும் பார்க்க அதேபோல்தான் இருக்கும், கவனம். ஒரு கிளையில் மைக் படம் போட்டிருப்பதை வாங்குங்கள்.

கேள்வி: முகம் மங்கலாகத் தெரிகிறது. 4கே வெப்கேம் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. மீட்டிங் ஆப்கள் பெரும்பாலும் 4கேயை விடக் குறைந்த 720பி அல்லது 1080பி அளவில்தான் படத்தை அனுப்புகின்றன. மங்கலுக்குக் காரணம் வெளிச்சம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். லென்ஸை மெல்லிய துணியால் ஒரு தடவை துடையுங்கள். விரல் ரேகை படிந்திருக்கும்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு ஆன்லைன் நேர்காணல். கருவிகளை எப்போது, எப்படிச் சோதிப்பது?

பதில்: முதல் நாளே முழுதாக ஒரு தடவை, அன்று கால் மணி நேரம் முன்னால் இன்னொரு தடவை. ஜூமில் டெஸ்ட் மீட்டிங்கும், டீம்ஸில் டெஸ்ட் காலும் இருக்கின்றன. பேசியதைப் பதிவு செய்து உங்களுக்கே போட்டுக் காட்டும். அன்று உட்காரப்போகும் அதே இடத்தில், அதே வைஃபையில் செய்து பாருங்கள். முடிந்தால் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுங்கள். ப்ளூடூத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்ளும். கேபிள் இல்லையென்றால் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

கேமரா கறுப்பாக இருந்தால் முதலில் லென்ஸின் சறுக்கு மூடியைப் பாருங்கள், அப்புறம் வேறு ஆப் ஏதாவது கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று. அதன் பிறகு பிரைவசி செட்டிங்ஸில் அனுமதி. மைக் எடுக்கவில்லையென்றால் ஹெட்செட் வயரில் இருக்கும் மியூட் பட்டனையும் பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் ஸ்கிரீன் ஷேரையும் முதல் நாளே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். முதல் தடவை அது அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்ததும் ஆப்பை மூடித் திறக்கச் சொல்லும். நேர்காணல் நடுவே அப்படி நடந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வெளியே வர வேண்டியிருக்கும்.