பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கப் பள்ளி எதற்கு? - கேள்வி பதில்

அரசு உதவி பெறும் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் நான். பெற்றோரும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். மகளை சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கப் போகிறோம். ஜெபம், பைபிள் என்று கட்டாயப்படுத்துவார்களா?

கட்டாயப்படுத்த முடியாது அம்மா. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் மாணவரைச் சமய போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. நடைமுறையிலும், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். 2024இல் கத்தோலிக்க ஆயர்களின் (பிஷப்புகளின்) அமைப்பான இந்திய ஆயர் பேரவையே தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது: பிற சமயப் பிள்ளைகள் மீது நம் வழிபாட்டு மரபைத் திணிக்காதீர்கள், காலை வணக்கக் கூட்டத்தில் அரசியல் சட்டத்தின் முகப்புரையை வாசிக்கச் செய்யுங்கள் என்று.

கேள்வி: நான் பிளஸ் டூ. நீட் தேர்வுக்குப் படிக்கிறேன். தியானம், நன்னெறி வகுப்பு, தினமும் கடைசியில் கண்ணை மூடி உட்காருவது, இதெல்லாம் நேர விரயம் இல்லையா சார்?

தம்பி, அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த ஆன்ம சோதனையிலிருந்து வந்தது அது. இன்று எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எங்கே தவறினேன், நாளை என்ன செய்வேன்? இவ்வளவுதான் கேள்வி. கடவுளை நம்பாதவரும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாள் அந்த ஐந்து நிமிடம் முடிந்து மணி அடித்த பிறகு ஒரு மாணவன் என் மேசைக்கு வந்தான். ரெக்கார்ட் நோட்டைத் திறந்து வைத்து, "சார், இந்த ரீடிங் நான் எடுத்தது இல்லை" என்றான். ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை. பக்கத்துப் பையனுடையதைப் பார்த்து எழுதியிருக்கிறான். நான் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. ஏற்கெனவே கையெழுத்தும் போட்டுவிட்டேன். மறுநாள் மாலை ஆய்வகத்தைத் திறந்து கொடுத்தேன். தனியாக உட்கார்ந்து எடுத்தான். காப்பியடித்ததைவிட மோசமான விடைதான் வந்தது. அதையே எழுதினான், நானும் அதற்கே கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு நீ டாக்டரானால், யாரும் பார்க்காத அறையில் ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டை எழுதப் போகிறாய். அதற்கான பயிற்சி கோச்சிங் சென்டரில் கிடைக்காது.

கேள்வி: இயேசு சபை, சலேசியர் பள்ளிகளுக்குள் என்ன வித்தியாசம்?

அடிப்படை ஒன்றுதான். இயேசு சபையினர் 1599இலேயே கல்விமுறையை எழுதி வகுத்தவர்கள். பேச்சு, விவாதம், எழுத்து அங்கே வலுவாக இருக்கும். 1906இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசிய சபைத் துறவிகள், தங்கள் சபையைத் தொடங்கிய புனித தொன் போஸ்கோவின் வழியில் மைதானத்துக்கும் தொழிற்கல்விக்கும் அதிக இடம் கொடுப்பார்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை அங்கேயே படித்த என் மகனுக்கு மார்க் குறைவு என்று டி.சி. கொடுத்துவிட்டார்கள். இதுதான் கிறிஸ்தவ மதிப்பீடா?

இல்லை ஐயா. இது தவறு. நான் வேலை பார்த்த பள்ளியிலும் இது நடந்தது. ரிசல்ட் கெட்டுவிடும் என்ற பயத்தில் நாங்கள் ஆசிரியர்களே தலையாட்டினோம். இன்றும் அந்தப் பிள்ளைகளின் முகம் மனதை அறுக்கிறது.

திருச்சபை சொன்னது வேறு. கத்தோலிக்கப் பள்ளிகள் ஏழைகளையும், குடும்ப ஆதரவு இல்லாதவர்களையும், நம் விசுவாசம் இல்லாதவர்களையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்று 1965இல் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி அறிக்கை கேட்டது. 1973இல் ஸ்பெயினின் வாலன்சியா நகரில், இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே முன்னாள் மாணவர்கள் முன்பு நின்றார். வந்திருந்தவர்களைப் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். உங்களை நீதிக்காக நாங்கள் உருவாக்கினோமா என்று கேட்டு, இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் கல்வியின் நோக்கம் என்றும் சொன்னார். கேட்டவர்களில் பலர் கோபப்பட்டார்கள். மார்க் குறைந்த பையனை வெளியே அனுப்பும் பள்ளி, சுவரில் எத்தனை சிலுவை மாட்டினாலும், அந்த நோக்கத்தை விட்டு விலகிவிட்டது. தலைமையாசிரியரிடம் மறுபடியும் போய்க் கேளுங்கள். அவர் மறுத்தால் பள்ளியின் தாளாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: சேர்க்கும் முன் பள்ளி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேர்ச்சி விழுக்காடு போட்ட ஃபிளெக்ஸ் பேனரைப் பார்க்காதீர்கள். உங்கள் பள்ளியிலேயே பத்தாவது முடித்தவர்களில் எத்தனை பேருக்கு பிளஸ் ஒன் இடம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். வகுப்பறையையும் கழிவறையையும் யார் கூட்டுகிறார்கள், எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்தா, இல்லை குறிப்பிட்ட சிலர் மட்டுமா என்று விசாரியுங்கள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். சைக்கிள் நிறுத்தத்தில் பிள்ளைகள் கையில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சேர்கிறார்களா, கலந்து நிற்கிறார்களா என்று பாருங்கள்.